ஓல்மெக் கல்தலைகள்: பின்பக்கம் போய்ப் பார்ப்போம்

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில், 1850களில், ஒரு பண்ணையாள் காடு திருத்திக்கொண்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து உருண்டையாக, வழவழவென்று ஏதோ எட்டிப் பார்த்தது. பெரிய இரும்புக் கொப்பரையைக் கவிழ்த்துப் புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பண்ணை முதலாளிக்குச் சேதி போனது. தோண்டிப் பாருங்கள் என்று உத்தரவு வந்தது. தோண்டத் தோண்டப் புருவம் வந்தது, மூக்கு வந்தது, தடித்த உதடு வந்தது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு மனிதத் தலை. கழுத்து இல்லை, உடம்பு இல்லை. வெறும் தலை.

1862இல் அந்தப் பக்கம் போன ஹோசே மரியா மெல்கார் என்பவர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்தார். 1869இல் மெக்சிகோவின் புவியியல் கழக இதழில் ஒரு குறிப்பு எழுதினார். ஓல்மெக் கல்தலை ஒன்று அச்சில் ஏறியது அதுதான் முதல் முறை. ஆனால் ‘ஓல்மெக்’ என்ற பேரே அப்போது யாருக்கும் தெரியாது. தன் கண் முன்னால் நிற்பது அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய பெருஞ்சிற்பங்களில் ஒன்று என்று மெல்காருக்கும் தெரியாது.

மீசோஅமெரிக்கா என்ற சொல்லை முதலில் பார்த்துவிடலாம். நடு மெக்சிகோவில் தொடங்கி குவாத்தமாலா, பெலீஸ், எல் சால்வடார் வழியாக ஹோண்டுராஸ் வரைக்கும் கொஞ்சம் அதற்கு அப்பாலும் நீளும் நிலப்பகுதிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே பல இனங்கள், பல மொழிகள். ஆனாலும் மக்காச்சோளம், 260 நாள் பஞ்சாங்கம், ரப்பர் பந்தாட்டம் போன்றவை எல்லாருக்கும் பொது. கல்லில் உருவம் செதுக்குவதும் அப்படித்தான். மெக்சிகோ நகரத்தின் நடுச் சதுக்கத்தில் 1790இல் அகப்பட்ட, பாம்புப் பாவாடை கட்டிய அஸ்டெக் தெய்வம் கோவாட்லிக்குவே; தூலாவில் பிரமிடு உச்சியில் நிற்கும் 4.6 மீட்டர் உயரப் போர்வீரர்கள். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் தட்டு ஏந்தி, தலையைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கும் சாக்மூல். புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இத்தனையும் ஒரே சமயத்தில் வந்தால் தலை சுற்றும். அதனால் இங்கே ஓல்மெக் கல்தலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இவை கோவாட்லிக்குவேக்குச் சுமார் 2,500 ஆண்டுகள் மூத்தவை.

‘ஓல்மெக்’ அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் கிடையாது. அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் அதற்கு ரப்பர் நாட்டுக்காரர் என்று பொருள். கல்தலைகளைச் செய்தவர்கள் மறைந்து இரண்டாயிரம் ஆண்டு ஆன பிறகு, அதே கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அஸ்டெக்குகள் வைத்த பெயரை 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் எடுத்து முன்னோர் தலையில் சூட்டிவிட்டார்கள். பொருத்தம் என்னவோ தற்செயலாக அமைந்துவிட்டது. எல் மனாட்டி என்ற ஊற்றங்கரைச் சேற்றில் 1980களின் கடைசியில் கி.மு. 1600 வாக்கிலான ரப்பர் பந்துகள் கிடைத்தன. உலகத்தில் கிடைத்த ரப்பர் பந்துகளில் அவைதான் மிகப் பழையவை. அவர்கள் நிஜமாகவே ரப்பர் நாட்டுக்காரர்கள்தான்.

இனி தலைகளுக்கு வருவோம். இதுவரை உறுதியாக எண்ணப்பட்டவை 17. சான் லொரென்சோவில் 10, லா வென்டாவில் 4, ட்ரெஸ் சபோடெஸ் வட்டாரத்தில் 2, லா கொபாட்டாவில் 1. எல்லாமே மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெராக்ரூஸ், தபாஸ்கோ மாநிலங்களுக்குள் அடக்கம். காலம் ஏறக்குறைய கி.மு. 1200க்கும் 400க்கும் இடையில். சான் லொரென்சோ தலைகள் பத்தும் கி.மு. 900க்கு முந்தியவை. சிறியது ஒன்றரை மீட்டர் உயரம், பெரியது 3.4 மீட்டர்.

அளவைச் சொன்னால் எடை மனத்தில் உட்காராது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சான் லொரென்சோவின் 1ஆம் தலையை ‘ராஜா’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். உயரம் 2.84 மீட்டர், அகலம் 2.11 மீட்டர். முன்பின் கனம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். பெருக்கினால் கிட்டத்தட்ட 9 கன மீட்டர். கல் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை. ஒரு கன மீட்டர் பசால்ட் 3 டன்னுக்குச் சற்றுக் குறையும். 27 டன் வருகிறதா? முக்கு முனைகள் உருண்டிருப்பதற்குக் கொஞ்சம் கழியுங்கள். ஆய்வாளர்கள் சொல்லும் எடை 25 டன் சொச்சம்.

இந்த 25 டன் இருந்த இடத்தைக் கவனித்தால்தான் வியப்பு தொடங்கும். சான் லொரென்சோ ஆற்றுச் சமவெளியில் எழுந்த ஒரு மேடு. லா வென்டா சதுப்பு நிலத்துக்கு நடுவே கிடக்கும் திட்டு. இரண்டு ஊரிலும் வண்டல், களிமண், சேறு. சிலை செய்கிற அளவுக்குக் கல் கிடையாது. கல் இருப்பது வடமேற்கே துஸ்ட்லா எரிமலைத் தொடரில். சான் லொரென்சோவுக்கும் அந்த மலைக்கும் பறவை பறக்கும் தூரமே 60 கிலோமீட்டருக்கு மேல், லா வென்டாவுக்கு ஏறக்குறைய 100. இழுக்க மாடோ குதிரையோ இல்லை. அந்த விலங்குகள் அங்கே வந்தது 16ஆம் நூற்றாண்டில், ஸ்பானியர்களோடு. சக்கர வண்டியும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் சக்கரம் வைத்த சுடுமண் பொம்மைகள் இதே வெராக்ரூஸ் பக்கம் கிடைத்திருக்கின்றன. சக்கரம் உருளும் என்று தெரிந்தவர்கள்தான். ஆனால் சேற்று நிலத்தில், பூட்ட மாடும் இல்லாமல், வண்டி செய்து என்ன பயன்?

ஆகவே மனிதர்கள்தான் இழுத்தார்கள். மரச் சட்டத்தில் கட்டி, கயிறு போட்டு, தரையில் உருட்டுக்கட்டை பரப்பி, மழைக்காலத்தில் ஆறு பெருகியபோது தெப்பத்தில் ஏற்றி என்று பல யோசனைகள் உண்டு. நேரடிச் சான்று எதற்கும் இல்லை. ஆனால் எந்த வழியில் வந்திருந்தாலும் ஒன்று மாறாது: நூற்றுக்கணக்கான ஆட்களை நடவையும் அறுப்பையும் விட்டுவிட்டு வரச்சொல்லி, மாதக்கணக்கில் சோறு போட்டு, ஒரே கல்லுக்குப் பின்னால் நிறுத்த யாரோ ஒருவரால் முடிந்திருக்கிறது. எழுத்தில் வரலாறு எதுவும் விட்டுப்போகாத அந்த ஊரில் அரசன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாசனம் வேண்டியதில்லை.

செதுக்கிய விதம் நமக்குச் சுலபமாகப் புரியும். அம்மி கொத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? உளியால் கல்லைப் பிளப்பதில்லை. சின்னச் சின்னப் புள்ளியாக, பொறுமையாக, மேல்பரப்பைக் கொத்திக்கொண்டே போவார்கள். ஓல்மெக் சிற்பியின் வேலையும் ஏறத்தாழ அதுதான். ஆனால் அவர் கையில் இரும்பு உளி இல்லை, செம்பு இல்லை, எந்த உலோகமும் இல்லை. அந்தப் பகுதிக்கு உலோக வேலை வந்ததே 1,500 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். கல்லைக் கல்லால்தான் கொத்தினார். கடினமான கற்சுத்தியலால் இடித்து இடித்துத் துகளாக உதிர்ப்பது, பிறகு மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பது. இதே பசால்ட்டில்தான் அவர்கள் வீட்டு அரைகல்லும் செய்தார்கள். சோளம் அரைக்கும் அந்தச் சாய்வான கல்லை நம்மூர்ச் சந்தையில் வைத்தால் அம்மி என்றே விலை கேட்பார்கள். நம் அம்மியில் அரைபடும் மிளகாயின் பூர்வீகமும் மெக்சிகோ பக்கம்தான் என்பது தனிக் கதை.

கொத்தித்தான் செய்ய முடியும் என்றால் அது உருவத்தையும் கட்டுப்படுத்தும். உருண்டைப் பாறையில் மூக்கை நீட்டிச் செய்ய வேண்டுமானால் சுற்றியுள்ள கல் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். நீட்டிய மூக்கு வழியில் உடைந்தும் போகும். பாறையின் உருட்டோடு ஒட்டி, அகலமாக, தாழ்வாக மூக்கை வைப்பது புத்திசாலித்தனம். கன்னமும் உதடும் அப்படியே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முகம் யாருடையது? ஒரு காலத்தில் தெய்வம் என்றார்கள், பந்தாட்டத்தில் தோற்றுத் தலை வெட்டுப்பட்டவர்கள் என்றார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது, இவை அரசர்களின் உருவங்கள் என்பதை. காரணம் எளிது. 17 முகமும் 17 விதம். ஒன்றில் புருவம் நெரிந்திருக்கும், ஒன்றில் கன்னம் தொங்கும், லா வென்டாவின் ஒரு தலை பல் தெரியச் சிரிக்கும். அச்சில் வார்த்த தெய்வ உருவம் இப்படி ஆளுக்கு ஆள் மாறாது. தலையில் இருக்கும் கவசம் போன்ற தொப்பியும் ஒவ்வொருவருக்கும் வேறு. சான் லொரென்சோவின் 2ஆம் தலையின் தொப்பியில் பறவைத் தலைகள். 5ஆம் தலையின் நெற்றிக்கு மேல் ஜாகுவார் பாதங்கள், நகங்களோடு. ஜாகுவார் அந்தக் காட்டின் அரசன், அரசனின் விலங்கும்கூட. அந்தச் சின்னம் ஒரு பேராக, குடிப்பெயராக, பட்டமாக இருந்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. காதில் கனத்த தோடு. சில தலைகளில் வண்ணச் சுவடும் மிஞ்சியிருக்கிறது. இன்று சாம்பலும் கறுப்புமாக நிற்பவை ஒரு காலத்தில் பூசி மெழுகி நின்றவை.

இனிப் பின்பக்கம் போவோம். புகைப்படக்காரர்கள் யாரும் போகாத பக்கம் அது, ஆனால் எனக்கு இந்தத் தலைகளில் ஆகப் பிடித்த இடம்.

பல தலைகளுக்குப் பின்மண்டையே இல்லை. தட்டையாகச் சீவிவிட்டது போல் இருக்கும். சுவர் ஓரம் வைப்பதற்காக இருக்கலாம், இழுத்து வரும்போது மல்லாத்திப் படுக்கவைக்க வசதி என்றும் இருக்கலாம். ஜேம்ஸ் போர்ட்டர் என்ற ஆய்வாளர் 1980களின் கடைசியில் இன்னொரு விடை சொன்னார். சான் லொரென்சோவின் 2ஆம், 7ஆம் தலைகளின் பக்கவாட்டில், முகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு பழைய குடைவின் மிச்சம் தெரிகிறது. தலைக்கு எதற்குக் குடைவு?

ஓல்மெக்குகள் இன்னொரு பெருங்கல்லும் செய்தார்கள். நீளமான மேசை போல, மேற்பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கம் ஒரு மாடம் குடைந்து, அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் சம்மணமிட்டபடி வெளியே வருவது போலச் செதுக்கியிருப்பார்கள். லா வென்டாவில் 4ஆம் எண் கொண்டதில் அவர் கையில் ஒரு தடித்த கயிறு. அது கல்லின் பக்கவாட்டுக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைக் கட்டுகிறது. கைதியா, உறவினரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. முதலில் இவற்றைப் பலிபீடம் என்றே அழைத்தார்கள். இன்றும் பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கும். ஆனால் தொலைவில், கெரெரோ மாநிலத்தின் ஓஷ்டோடிட்லான் குகையில், இதே மாதிரி மேசைமேல் பறவை வேடம் பூண்ட ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஓவியம் இருக்கிறது. அதைப் படித்த டேவிட் குரோவ், இது பீடம் கிடையாது, அரியணை என்று 1970களில் எழுதினார். மாடம் என்பது குகை. மலையின் வயிற்றிலிருந்து, முன்னோர்களின் உலகத்திலிருந்து வருகிறவன் அரசன். அந்தக் குகைக்கு மேலேயே உட்கார்ந்து ஆள்கிறான்.

போர்ட்டர் சொன்னது இதுதான்: சில தலைகள் முதலில் அரியணைகளாக இருந்தவை. செவ்வகக் கல்லை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கத்தை முகமாகக் கொத்தினால், பழைய அடிப்பாகமோ மேற்பாகமோ தட்டைப் பின்மண்டையாக மிஞ்சும். முன்பக்க மாடம் கன்னத்துக்குப் பின்னால் ஒரு பள்ளமாக மிஞ்சும். அரசன் உயிரோடு இருந்தபோது உட்கார்ந்த கல், அவன் இறந்த பிறகு அவன் முகமாக மாறியிருக்கலாம். எல்லாத் தலைக்கும் இது பொருந்தும் என்று எல்லாரும் ஏற்கவில்லை. அந்த இரண்டு தலைகளில் சுவடு கண்ணால் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. 60 கிலோமீட்டர் இழுத்து வந்த கல்லை யார்தான் ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் போடுவார்கள்?

இந்த யோசனை இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. சான் லொரென்சோவை 1966 முதல் 1968 வரை தோண்டிய மைக்கேல் கோ, சிற்பங்கள் பலவும் உடைபட்டு, முகத்தில் குழி குழியாகக் கொத்துப்பட்டு, வரிசையாகப் புதைந்து கிடந்ததைப் பார்த்தார். மக்கள் கிளர்ந்து எழுந்து அரசர்களின் உருவங்களை அடித்து நொறுக்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். நல்ல கதைதான், புரட்சி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. பிறகு 1990களில் அதே இடத்தில் வேலை செய்த ஆன் சைஃபர்ஸ், கல்லை மறுபடி செதுக்கும் பட்டறை அங்கே இருந்ததற்குத் தடயம் கண்டார். சில காயங்கள் கோபத்தில் விழுந்தவையாக இல்லாமல், அடுத்த சிற்பத்துக்காகத் தொடங்கி நின்றுபோன வேலையாக இருக்கலாம். பத்தாவது தலை 1994இல் வெளிப்பட்டதும் சைஃபர்ஸ் குழுவின் காலத்தில்தான்.

இவ்வளவு பழையவை என்பதையே பல காலம் யாரும் நம்பவில்லை. 1938இல் ட்ரெஸ் சபோடெஸ் போன அமெரிக்கத் தொல்லியலாளர் மேத்யூ ஸ்டெர்லிங், அடுத்த ஆண்டே அங்கே தோண்ட ஆரம்பித்தார். 1939இல் உடைந்த ஒரு நடுகல்லின் கீழ்ப்பாதி கிடைத்தது. அதில் மாயர் பாணி நாள்கணக்கு. மாயர் என்பவர்கள் கிழக்கே குவாத்தமாலா, பெலீஸ் பக்கம் நகரங்கள் கட்டிய இன்னொரு மீசோஅமெரிக்க மக்கள். அந்தக் கணக்கில் புள்ளி என்றால் 1, கோடு என்றால் 5. எண்களை மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். ஐந்து எண்களில் கீழுள்ள நான்கு இருந்தன: 16, 6, 16, 18. ஆகப் பெரிய அலகைக் காட்டும் முதல் எண் உடைந்துபோன மேல்பாதியோடு போய்விட்டது. அது ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சுமார் 394 ஆண்டு தள்ளிப்போகும். ஸ்டெர்லிங்கும் அவர் மனைவி மாரியனும் கணக்குப் போட்டு, அந்த எண் 7 என்றார்கள். அப்படியானால் தேதி கி.மு. 32. மாயர் நகரங்களில் அதுவரை கிடைத்த எந்தத் தேதியையும்விடப் பழையது. நாகரிகத்தின் தாய் மாயர்தான் என்று நம்பியிருந்தவர்கள் இதை ஏற்கவில்லை. எரிக் தாம்சன் போன்ற பெரிய மாயவியல் அறிஞர் எதிர்த்து எழுதினார். ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து அதே ஊரில் மேல்பாதி கிடைத்தது. அதில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. ஏழு.

இதில் ஒரு திருத்தமும் உண்டு. கி.மு. 32 என்பது அந்த நடுகல்லின் தேதி. கல்தலைகளுக்கு வெகுகாலம் பிந்தியது. தலைகளின் உண்மையான வயது 1950களில் லா வென்டாவில் கிடைத்த கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்த பிறகுதான் துலங்க ஆரம்பித்தது. ஆனால் மெக்சிகோ அறிஞர்கள் அல்ஃபோன்சோ காசோவும் மிகேல் கொவாருபியாஸும் 1942 மாநாட்டிலேயே ஓல்மெக்தான் தாய்ப் பண்பாடு என்று அடித்துப் பேசினார்கள். தாயா, பல சகோதரிகளில் ஒருத்தியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

மெல்கார் விட்டுப்போன ஒரு வம்புக்கும் வந்தாக வேண்டும். முதல் தலையைப் பார்த்ததுமே இது எத்தியோப்பிய முகம், கறுப்பின மக்கள் இங்கே வந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். 1970களில் ஐவன் வான் செர்டிமா அதையே புத்தகமாக விரித்தார். இன்றைக்கும் யூடியூபில் ஓல்மெக் என்று தேடினால் பாதி இதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பானை ஓடோ, கருவியோ, விதையோ, எலும்போ ஓல்மெக் ஊர்களில் கிடைத்ததில்லை. அகன்ற மூக்குக்குக் கல் ஒரு காரணம் என்று மேலே பார்த்தோம். அடுத்த காரணம் இன்னும் நேரானது: வெராக்ரூஸ், தபாஸ்கோ கிராமங்களின் பூர்வகுடி மக்களிடம் அதே கன்னமும் அதே உதடும் அதே கண் மடிப்பும் இன்றும் உண்டு. வேறு கண்டத்தில் போய்த் தேட வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரரின் பாட்டன் முகத்தை அந்த ஊர்க்காரரிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும் இந்தக் கதை எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது.

இன்று நேரில் பார்க்க வேண்டுமானால் இரண்டு ஊர் போதும். சான் லொரென்சோ தலைகளில் பெரும்பாலானவை வெராக்ரூஸின் ஹலாபா நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லா வென்டா தலைகளுக்கு வியாஎர்மோசா போக வேண்டும். லா வென்டாவில் எண்ணெய் எடுக்கும் வேலை பெருகியபோது, கார்லோஸ் பெய்யிசெர் என்ற கவிஞர் முன்னின்று சிற்பங்களை அங்கே கொண்டுவந்து ஏரிக்கரைத் தோப்பில் வைத்தார், 1958இல் திறந்தார்கள். 20 டன் கல்லை நகர்த்தும் சிரமம் இரண்டாவது முறையாக நடந்தது, இம்முறை லாரியோடு. மரத்தடியில் வைத்திருப்பதால் பின்பக்கமும் போய்ப் பார்க்கலாம்.

பதினேழாவது தலை கூட்டத்தோடு சேராமல் நிற்கிறது. துஸ்ட்லா மலையடிவாரத்தில், கல் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, லா கொபாட்டாவில் 1970இல் அகப்பட்டது. எல்லாவற்றிலும் பெரியது, 3.4 மீட்டர். வேலை முடிவதற்குள் கைவிட்டார்களோ என்று சிலர் எண்ணும்படி முகம் மொழுக்கென்று இருக்கும். சந்தியாகோ துஸ்ட்லா ஊரின் சதுக்கத்தில் அதை வைத்திருக்கிறார்கள். மற்றத் தலைகள் எல்லாம் கண்ணைத் திறந்து முறைத்துக்கொண்டிருக்க, இது மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.